முதல் ஊசி தன் உடலில்

நோயுற்றவனுக்கு மருந்து கொடுப்பது சேவை. நோய் அணுகாமலே ஒருவனைக் காப்பதும் சேவைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிழைத்து எழுந்த நோயாளி மருத்துவரைக் கைகூப்பி வணங்குகிறான். நோயே வராமல் காக்கப்பட்டவனுக்கோ, தனக்கு எது நேராமல் போயிற்று என்பது தெரியாது. எனவே அவனிடமிருந்து நன்றியும் வருவதில்லை. வருமுன் காக்கும் தொண்டில் ஈடுபடுபவர், பலனை எதிர்பாராமல் கர்மத்தைச் செய்யப் பழகியவராக இருக்க வேண்டும். நம் நாட்டு ஏழைகளுக்காக அப்படி உழைத்த ஒரு வெளிநாட்டு அறிஞர் வால்டெமார் ஹாஃப்கின். காலராவிலிருந்தும் பிளேக்கிலிருந்தும் எண்ணற்ற பாரத மக்களைக் காத்தவர் அவர்.

இளமையில் சோதனை

ஹாஃப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், அன்றைய ரஷ்யப் பேரரசில் கருங்கடற்கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற விஞ்ஞானி மெச்னிகாவின் மாணவராகச் சேர்ந்து உயிரியல் பயின்றார். 1881-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி கொல்லப்பட்டபின் யூதர்கள் மீது பெருந்தாக்குதல்கள் நடந்தன. தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர்களுடன் ஹாஃப்கினும் நின்றார், கைது செய்யப்பட்டார். ஆசிரியர் மெச்னிகாவின் முயற்சியால் விடுதலையானார்.

படிப்பில் சிறந்து விளங்கியும் பல்கலைக்கழகப் பதவி அவருக்கு எட்டவில்லை. கிறிஸ்தவ சமயத்திற்கு மாறினால் பதவி கிட்டும் என்ற நிலை இருந்தது. தம் முன்னோரின் நெறியை விட்டுப் பதவி பெற அவர் உள்ளம் இசையவில்லை. 1888-இல் தாய்நாட்டை விட்டு ஜெனீவா சென்றார். மறு ஆண்டு பாரிஸிலுள்ள பாஸ்டர் ஆய்வகத்தை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது உதவி நூலகர் வேலைதான். அதையும் மனமுவந்து ஏற்றுக்கொண்டு, ஓய்வு நேரங்களில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

தன்னையே சோதனைப் பொருளாக்கியவர்

அந்நாளில் காலரா உலகையே நடுங்க வைத்த நோய். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மடிந்துவிடுவதும் உண்டு. அக்கிருமிகளைப் பக்குவப்படுத்தி உடலில் செலுத்தினால், நோயை எதிர்க்கும் ஆற்றலை உடல் முன்னதாகவே பெற்றுவிடும் என்று ஹாஃப்கின் கண்டார். விலங்குகளிடம் சோதனை வெற்றியளித்தது. மனிதரிடம் அது தீங்கு செய்யாது என்று எப்படி உறுதி செய்வது? 1892 ஜூலை 18-ஆம் நாள் அவர் அந்த மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, சில நாளில் தணிந்தது. அதன் பின்னரே அவருடைய நண்பர்கள் சிலர் முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர்.

இம்மருந்து உண்மையில் பயன்படுமா என்பதைக் காலரா நிலைகொண்டிருக்கும் நாட்டில்தான் அறிய முடியும். இந்தியாவின் முன்னாள் வைஸ்ராயும், அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவருமான டஃபரின் பிரபு பரிந்துரை செய்ய, 1893 மார்ச் மாதம் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார்.

குளக்கரைக் குடிசைகளில்

கல்கத்தாவில் செல்வர் வாழும் வீதிகளுக்கு வடிகட்டிய குழாய்நீர் வந்துவிட்டிருந்தது. பஸ்தி எனப்படும் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் குளத்து நீரையே நம்பியிருந்தனர். குளிப்பதும் துணி துவைப்பதும் அந்த நீரில்தான். குடிப்பதும் அதே நீரைத்தான். காலரா கிருமி பணக்காரன், ஏழை என்று பார்ப்பதில்லை என்பார்கள். ஆனால் அது பரவும் நீரைக் குடிக்க வேண்டிய கட்டாயம் ஏழைக்கே இருந்தது. கல்கத்தா நகரச் சுகாதார அதிகாரி சிம்சனின் அழைப்பை ஏற்று, ஹாஃப்கின் இந்தக் குடிசைகளைத் தேடிச் சென்றார்.

மக்கள் அவரை எளிதில் நம்பவில்லை. அந்நியர் ஒருவர் நோய்க் கிருமியையே உடம்பில் ஏற்றுகிறேன் என்றால் யார்தான் அஞ்சமாட்டார்கள்? சில இடங்களில் கல்லெறியும் விழுந்தது. அவர் சினம் கொள்ளவில்லை, காவலர்களை ஏவவுமில்லை. மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரும் உடன் வந்த மருத்துவர்களும் முதலில் ஊசி போட்டுக்கொண்டனர். இந்திய மருத்துவர்களும் அவருக்குத் துணை நின்று, மக்களின் மொழியில் விளக்கினர். சிறிது சிறிதாக மக்கள் கைநீட்டினர்.

1894-இல் காட்டல் பாகான் என்ற குடிசைப் பகுதியில் காலரா தோன்றியது. அங்கு வசித்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதற்குப் பிறகும் அங்கே நோய் தலைகாட்டியது. ஆனால் பாதிக்கப்பட்டவர் அனைவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே குளத்து நீரைக் குடித்தவர்களை இரு பிரிவாக வைத்து ஒப்பிட்டதுதான் ஹாஃப்கினின் ஆய்வுமுறையின் சிறப்பு. மருந்தின் பலனை வெறும் நம்பிக்கையால் நிறுவாமல் கணக்கால் நிறுவினார் அவர். 1895 வரை நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, சுமார் 42,000 பேருக்குத் தடுப்பூசி அளித்தார். ஓயாத அலைச்சலில் மலேரியா அவரைப் பற்றியது. சிகிச்சைக்காக இங்கிலாந்து சென்றவர், உடல் தேறியதும் திரும்பி வந்தார்.

பம்பாயில் பிளேக்

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டனர். பிழைத்தவர்கள் நகரை விட்டு ஓடினர். அரசின் வேண்டுகோளை ஏற்று அக்டோபர் மாதம் ஹாஃப்கின் அங்கு விரைந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. ஓர் எழுத்தரும் மூன்று சேவகர்களும் மட்டுமே உதவிக்கு இருந்தனர். அந்தச் சிறிய இடத்தில் இரவு பகலாக உழைத்து, சில மாதங்களுக்குள் பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார்.

கிருமிகளை வளர்க்கும் திரவத்தைத் தயாரிப்பதில்கூட மக்களின் மனவுணர்வை அவர் மதித்தார். வழக்கமான மாட்டிறைச்சிச் சாற்றைத் தவிர்த்து ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். திரவத்தின் மேல் உருக்கிய நெய்யைச் சில துளிகள் மிதக்கவிட்டார். அந்த நெய்ப்படலத்திலிருந்து கிருமிகள் விழுதுகள் போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. பிறகு அவற்றைச் சூடேற்றிக் கொன்று மருந்தாக்கினார்.

இம்முறையும் முதல் ஊசி அவருக்கே. 1897 ஜனவரி 10-ஆம் நாள், பிறருக்குத் தர எண்ணிய அளவைவிடப் பன்மடங்கு அதிகமான மருந்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, கடும் காய்ச்சலையும் வலியையும் தாங்கினார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஊசி பெற்ற 147 பேரில் இருவருக்கு நோய் கண்டது, எவரும் இறக்கவில்லை. பெறாத 172 பேரில் 12 பேர் நோயுற்று, 6 பேர் மாண்டனர். சிறைப்பட்டவரின் சம்மதம் முழுச் சுதந்திரமான சம்மதம் ஆகுமா என்ற கேள்வியை இன்றைய மருத்துவ அறநெறி எழுப்பும். அது நியாயமான கேள்வியே. அந்தக் கேள்வியை எழுப்பும்போதே, சிறைக்குள் செல்லுமுன் அந்த மருந்தின் ஆபத்தைத் தாமே ஏற்றவர் ஹாஃப்கின் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அச்சமும் அன்பும்

அதே 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அரசினர் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர், நோயுற்றவரைக் குடும்பத்தினரிடமிருந்து பிரித்து இழுத்துச் சென்றனர், உடைமைகளை எரித்தனர். பெண்களின் மானமும் பேணப்படவில்லை என்று மக்கள் கொதித்தனர். பூனாவில் இக்கொதிப்பு பிளேக் அதிகாரி ராண்டின் கொலையில் முடிந்தது. வலுக்கட்டாயத்தால் நோய் அடங்கவில்லை. மக்கள் நோயாளிகளை மறைக்கத் தொடங்கியதால் மேலும் பரவியது. மக்கள் தாமாக விரும்பி ஏற்கும் தடுப்பூசியே வழி என்று ஹாஃப்கின் வாதாடினார். கோஜா முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான், தம் மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுப் பணிக்குத் தம் மாளிகையையும் அளித்தார். அவர் வழியில் ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர்.

1898-இல் கல்கத்தாவையும் பிளேக் அச்சம் சூழ்ந்தது. கட்டாயமாக ஊசி குத்தப்போகிறார்கள் என்ற வதந்தியால் மக்கள் நகரை விட்டு ஓடினர். டார்ஜிலிங்கிலிருந்து மே மாதம் திரும்பிய சுவாமி விவேகானந்தர், மக்களுக்குத் தைரியமூட்டும் அறிக்கையை வங்காளியிலும் ஹிந்தியிலும் வெளியிடச் செய்தார். அஞ்ச வேண்டாம், தூய்மை பேணுங்கள், வதந்திகளை நம்பாதீர்கள், விருப்பமில்லாதவருக்கு ஊசி போடப்படாது என்ற கருத்துகள் அதில் இருந்தன. சேவைக்குப் பணம் வேண்டுமானால் மடத்திற்காகப் புதிதாக வாங்கிய நிலத்தையே விற்றுவிடவும் அவர் துணிந்தார். 1899-இல் மீண்டும் பிளேக் வந்தபோது, சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் தொண்டர்களுடன் குடிசைப் பகுதிகளைத் துப்புரவு செய்தனர். நிவேதிதையே துடைப்பம் ஏந்தித் தெருவைப் பெருக்கியதைக் கண்டு வெட்கிய இளைஞர்கள் தாங்களும் பணியில் இறங்கினர்.

கிருமியை வெல்லும் வழியை விஞ்ஞானி கண்டார். மக்களின் அச்சத்தை வெல்லும் வழியைச் சந்நியாசி காட்டினார். இரண்டும் சேர்ந்தால்தான் ஏழையின் குடிசைக்குள் ஆரோக்கியம் நுழையும்.

பழியும் பொறுமையும்

1899-இல் பம்பாயின் பரேல் பகுதியிலிருந்த பழைய ஆளுநர் மாளிகை ஹாஃப்கினின் பிளேக் ஆய்வுக்கூடமாயிற்று. புகழ் உச்சியில் இருந்த அவருக்கு அடுத்து வந்தது பேரிடி. 1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் ரணஜன்னி கண்டு இறந்தனர். நம்பிக்கையோடு கைநீட்டிய அந்தக் கிராமத்தாரின் மரணம் எவராலும் ஈடுசெய்ய இயலாதது.

விசாரணைக் குழு ஆய்வுக்கூடத்தின் மீது குற்றம் சுமத்தியது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் மற்றப் புட்டிகளின் மருந்து எவருக்கும் தீங்கு செய்யவில்லை. மல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததும், அதை உரியபடி தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டன. ஹாஃப்கின் ஆண்டுக்கணக்கில் பழியைச் சுமந்தவாறு, ஆதாரங்களை மட்டுமே முன்வைத்துப் போராடினார். மலேரியா ஆராய்ச்சியில் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் 1907-இல் அவருக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தனர். அவ்வாண்டு இறுதியில் அரசு அவரைப் பழியிலிருந்து விடுவித்தது.

அவர் திரும்பி வந்தார். தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எண்ணி இந்நாட்டை வெறுக்கவில்லை. ஆயினும் தாம் உருவாக்கிய பம்பாய்க் கூடம் அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் சிறியதோர் ஆய்வகத்தில் பணியாற்றி, 1915-இல் ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் தம் சமய நெறியில் ஆழ்ந்து ஈடுபட்டார், திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் செல்வத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத சமயக் கல்விக்கூடங்களுக்கு எழுதிவைத்து, அங்கே விஞ்ஞானமும் கற்பிக்கப்பட வேண்டும் என்று விரும்பினார். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவரது உயிர் பிரிந்தது. அவர் வாழும் நாளிலேயே, 1925-இல், பம்பாய் ஆய்வுக்கூடத்திற்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அதுவரை அங்கிருந்து இரண்டரைக் கோடிக்கும் அதிகமான அளவில் பிளேக் தடுப்பு மருந்து அனுப்பப்பட்டிருந்தது.

நமக்குரிய பாடம்

2021-இல் கொரோனா தடுப்பூசி வந்தபோதும் பழைய காட்சிகளை நாம் கண்டோம். வதந்திகள் பரவின, பலர் அஞ்சினர். ஊருக்குள் அனைவரும் நம்பிய ஒரு செவிலியரோ, ஆசிரியரோ, மூதாட்டியோ முதலில் ஊசி போட்டுக்கொண்ட இடங்களில் அச்சம் விலகியது. தூய நீரும் சுகாதாரமான இருப்பிடமும் தடுப்பு மருந்தும் வசதி படைத்தவரை முதலில் அடைவதும், ஏழையை இறுதியில் அடைவதும் இன்னும் முற்றிலும் மாறிவிடவில்லை.

அன்பர்களாகிய நாம் விஞ்ஞானிகளாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம் தெருவில், நம் கிராமத்தில், தடுப்பூசிக்கு அஞ்சும் ஒரு தாயின் அருகே அமர்ந்து அவள் ஐயத்தைப் பொறுமையாகக் கேட்கலாம்; குழந்தையோடு அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம். அந்தக் குழந்தை எந்த நோயிலிருந்து தப்பியது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. நன்றியும் வராது. இறைவனுக்கு அர்ப்பணமாகச் செய்யும் தொண்டுக்கு அதுவே உரிய இயல்பு.