சீனிவாச இராமானுஜன்

சீனிவாச இராமானுஜன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாட்டிலும் முடிவிலாத் தொடர்களிலும் பெரும் புகழ் பெற்ற இவர், ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கும் ஒரு நேர்த்தியான வழியைக் கண்டார்.

இளமை

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அங்கு நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, மேல் வகுப்பு மாணவர் ஒருவர் √அ + ஆ = 7, அ + √ஆ = 11 என்னும் சமன்பாடுகளைக் கொடுத்ததாகவும், இவர் உடனே அ = 9, ஆ = 4 என விடை கூறியதாகவும் சொல்லப்படுகிறது. வரைபடத்தில் இவ்விரு வளைகோடுகளும் அந்த ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இயற்கணித முறையில் ஒரு மாறியை நீக்கினால் √ஆ-வுக்கு நான்காம் படிச் சமன்பாடு கிடைக்கும். அதன் நான்கு மூலங்களில் 2 மட்டுமே பொருந்தும். மற்றவை √அ அல்லது √ஆ-வைக் குறை எண்ணாக்கிவிடும்.

கல்வியும் வறுமையும்

1904-இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியிருந்ததால் பிற பாடங்களில் தேறவில்லை, உதவித்தொகை நின்றது. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1907-இல் எழுதிய எஃப். ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். பட்டமும் வேலையும் இன்றித் தம் குறிப்பேடுகளுடன் ஆதரவு தேடி அலைந்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து உதவினார். மார்ச் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் மாத ஊதியத்தில் எழுத்தரானார்.

1912 கட்டுரை

அதே ஆண்டு, ஒருங்கமை சமன்பாடுகள் பற்றிய இவரது சிறு கட்டுரை இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளியானது. இதில் மாறிகள் இரு வரிசைகளாக அமையும். முதல் வரிசை எண்களின் கூட்டுத்தொகை முதல் சமன்பாடாகும். அவ்வெண்களை இரண்டாம் வரிசையிலுள்ள இணை எண்களால் மீண்டும் மீண்டும் பெருக்கிக் கூட்ட, அடுத்தடுத்த சமன்பாடுகள் கிடைக்கும். மாறிகள் பத்தாகும்போது வரைபடம் பயன்படாது. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்குவதும் மிகக் கடினம். இராமானுஜன் அக்கூட்டுத்தொகைகளை ஒரு முடிவிலாத் தொடரின் கெழுக்களாகக் கொண்டார். அத்தொடரை ஒரே பின்னமாக எழுதி, அதன் கெழுக்களை நேரியல் சமன்பாடுகளால் கண்டு, பின்னர் அதைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தார். அவற்றிலிருந்து விடைகள் நேரடியாகக் கிடைத்தன. பத்து மாறிகள் கொண்ட எடுத்துக்காட்டு ஒன்றையும் தீர்த்துக் காட்டினார்.

19-ஆம் நூற்றாண்டில் சில்வெஸ்டரும் ஆராய்ந்ததால், இது சில்வெஸ்டர்–இராமானுஜன் தொகுதி எனப்படுகிறது. குறுந்தகடுகளில் பிழை திருத்தும் ரீடு–சாலமன் குறிமுறையிலும் இதே வடிவச் சமன்பாடுகள் எழுகின்றன.

இறுதி ஆண்டுகள்

ஜனவரி 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அவரது அழைப்பின் பேரில் 1914-இல் இங்கிலாந்து சென்றார். 1918-இல் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுற்று 1919-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் 32-ஆம் வயதில் காலமானார். நோயிலும் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.