பிள்ளையைத் தேடிப் போன அசுசேனா

அம்மா கொட்டகைக்குப் போகத் தொடங்கியபோது எனக்கு 17 வயது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் அது. விடிய எழும்பி, அண்ணாவின் படத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறிவிடுவார். தம்பிக்குச் சமைப்பதும் அவனைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் என் வேலை. 2009 இல் பறிபோன ஒரு பிள்ளைக்காக, வீட்டில் இருக்கிற இரண்டு பிள்ளைகளை அம்மா மறந்துவிட்டார் என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளை நித்திரையாக்கிவிட்டு இருந்த இரவுகளில்தான் ஆர்ஜென்டீனாவின் அசுசேனா வில்லாபுளோரைப் பற்றி வாசித்தேன். அவருடைய கதையை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் அந்தப் பழைய கோபம்தான்.

அசுசேனா 1924 ஏப்ரல் 7 ஆம் திகதி, தலைநகர் புவனஸ் அயர்சை ஒட்டிய அவெல்லனேடா என்ற தொழிலாளர் ஊரில் பிறந்தார். அவரைப் பெற்றபோது தாய்க்கு 15 வயதுதான். அசுசேனாவை வளர்த்தது ஒரு மாமி. 16 வயதில் சியாம் என்ற வீட்டு மின்சாதனக் கம்பனியில் தொலைபேசிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்த பெட்ரோ டி வின்சென்டியை 1949 இல் திருமணம் செய்தார். நான்கு பிள்ளைகள். அதன்பிறகு அவருடைய உலகம் வீடும் அடுப்படியும்தான். 50 வயது தாண்டும்வரை அவரைப் பற்றி எழுத எவருக்கும் எதுவும் இருக்கவில்லை.

1976 மார்ச் 24 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள் என்று ஆட்கள் இரவோடிரவாகத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். பிறகு அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு ஏறத்தாழ 9,000 பேரின் விபரங்களைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் தொகை 30,000. அவர்களில் அசுசேனாவின் மகன் நெஸ்டரும் ஒருவர். 1976 நவம்பர் 30 ஆம் திகதி நெஸ்டரையும் அவருடைய துணைவி ராகேலையும் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு அசுசேனா செய்ததை எங்கள் ஊர்த் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. உள்துறை அமைச்சு, பொலிஸ் நிலையம், இராணுவத்துக்குரிய குருவானவரின் அலுவலகம் என்று மாதக்கணக்கில் அலைந்தார். எல்லா இடத்திலும் காத்திருப்பு, எல்லா இடத்திலும் ஒரே பதில்: தெரியாது. அந்தக் காத்திருப்பு வாங்குகளில் பக்கத்தில் இருந்த பெண்களும் தன்னைப் போலவே பிள்ளையைத் தேடி வந்தவர்கள் என்பதைக் கண்டார். தனித்தனியாகக் கதவு தட்டுவதால் எதுவும் நடக்காது, எல்லோரும் சேர்ந்து ஜனாதிபதி மாளிகைக்கு முன்னுள்ள மாயோ சதுக்கத்துக்குப் போக வேண்டும் என்றார்.

1977 ஏப்ரல் 30 ஆம் திகதி 14 பெண்கள் அங்கே போனார்கள். அன்று சனிக்கிழமை. அலுவலகங்கள் பூட்டு. சதுக்கத்தில் அவர்களைப் பார்க்க ஆட்களே குறைவு. பிறகு வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். கூட்டம் கூடுவது தடை, நிற்காமல் நடவுங்கள் என்று பொலிஸார் அதட்டினார்கள். தாய்மார் சோடி சோடியாகக் கை கோர்த்துக்கொண்டு நடந்தார்கள், அதே சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி. கலைப்பதற்குச் சொன்ன கட்டளையே அவர்களுடைய போராட்டமாகிவிட்டது. அந்த ஆண்டு லூஹான் மாதா கோயில் யாத்திரையில் ஒருவரையொருவர் அடையாளம் காண, குழந்தைகளுக்குக் கட்டும் துணி நப்பியைத் தலையில் கட்டினார்கள். பின்னர் உலகம் முழுவதும் தெரிந்த வெள்ளைத் தலைத்துணி அப்படித்தான் வந்தது.

அவர்களுக்குள் ஒரு இளைஞனும் வந்து சேர்ந்தான். தன் சகோதரனும் காணாமல் போனதாகச் சொன்னான். தாய்மார் அவனையும் ஒரு பிள்ளையாகவே பார்த்தார்கள். அவன் அல்பிரெடோ அஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி. 1977 டிசம்பர் 8 ஆம் திகதி சாந்தா குரூஸ் தேவாலயத்தில் கூடியிருந்தவர்கள் அவன் காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார்கள். அவர்களில் எஸ்தர் பலெஸ்ட்ரினோவும் மரியா பொன்சேயும் இருந்தார்கள். எஸ்தரின் கர்ப்பிணி மகள் அதற்கு முன்பே விடுதலையாகிவிட்டாள். மகளை வெளிநாட்டில் பாதுகாப்பாக விட்டுவிட்டு, மற்றவர்களின் பிள்ளைகளுக்காக எஸ்தர் திரும்பி வந்திருந்தார்.

காணாமல் போனவர்களின் பெயர்களைக் காசு கொடுத்துப் பத்திரிகையில் போடுவதற்கு அவர்கள் அப்போது பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கைதுகளுக்குப் பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. டிசம்பர் 10, மனித உரிமைகள் தினத்தன்று, விளம்பரம் வெளியானது. அந்தப் பத்திரிகையை வாங்க வீட்டிலிருந்து இறங்கிய அசுசேனாவைத் தெருவில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு 53 வயது. கடற்படை இயந்திரவியல் பாடசாலையில் இயங்கிய வதைமுகாமில் வைத்திருந்து, பின்னர் விமானத்திலிருந்து கடலில் எறிந்தார்கள்.

ஆனால் கடல் உடல்களைத் திருப்பித் தந்தது. அந்த டிசம்பரிலேயே கரையொதுங்கிய சடலங்களை ஜெனரல் லவாயே என்ற சிற்றூரின் மயானத்தில் பெயரில்லாமல் புதைத்தார்கள். பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்த தடயவியல் மானிடவியலாளர்கள் அந்தக் குழிகளைத் தோண்டினார்கள். உயரத்திலிருந்து விழுந்த முறிவுகள் எலும்புகளில் இருந்தன. உறவினர்களின் இரத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, 2005 இல், 28 வருடங்களுக்குப் பிறகு, அசுசேனாவும் எஸ்தரும் மரியாவும் அடையாளம் காணப்பட்டார்கள். அசுசேனாவின் சாம்பலை அவருடைய பிள்ளைகள் மாயோ சதுக்கத்திலேயே புதைத்தார்கள். அஸ்டிசுக்கு 2011 இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

சாம்பலை அந்தச் சதுக்கத்தில் வைக்க முடிவெடுத்தவர்கள், தாய் வெளிக்கிட்டுப் போகும்போது வீட்டில் விடப்பட்ட பிள்ளைகள். அந்த இடத்தில்தான் நான் வாசிப்பதை நிறுத்தினேன். அவர்களுக்கும் கோபம் இருந்திருக்கும். ஆனாலும் தாயின் இடம் எது என்று கேட்டபோது, அவர்கள் வீட்டைக் காட்டவில்லை, சதுக்கத்தைக் காட்டினார்கள். ஒரு பிள்ளையை இல்லாமல் செய்தாலும் கேட்க ஆளில்லை என்று ஆகிவிட்டால், வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை. அம்மா எங்களை மறந்து போகவில்லை. எங்களுக்காகவும்தான் போனார்.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வந்த நாளிலிருந்து, எலும்பு என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா பேச்சை மாற்றிவிடுவார். அன்று மாற்றவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்: அந்தத் தாயின் மகன் கிடைத்தானா என்று. நெஸ்டர் திரும்பி வரவில்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மற்றத் தாய்மார் நடப்பதை விட்டுவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, வியாழக்கிழமைகளில் தொடர்ந்து நடந்தார்கள் என்றேன்.

அடுத்த முறை அம்மா கொட்டகைக்கு வெளிக்கிட்டபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். அண்ணாவின் படம் இருந்த பையை அன்று நான்தான் வைத்திருந்தேன்.