பிக் டாடி லிப்ஸ்கம்

அமெரிக்கர்கள் புட்பால் என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவன் ஓடுவதும், எதிர்க்கட்சியார் அவனை மறித்துத் தரையில் சாய்ப்பதுமே அதன் சாரம். பாடி வருபவனை மடக்கிப் பிடிக்கும் நம் சடுகுடுவை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பந்து வைத்திருக்கும் கட்சிக்கு எதிரே, முதல் வரிசையில், முகத்துக்கு முகம் குனிந்து நிற்பவர்களே தற்காப்பு வரிசையாளர்கள். பந்தைத் தொடும் பேறு அவர்களுக்கு அநேகமாய்க் கிட்டுவதில்லை. அந்த வரிசையில் நின்றபடியே நாடறிந்த பெயரைப் பெற்றவர் யூஜீன் லிப்ஸ்கம்.

1931 ஆகஸ்டு 9ஆம் தேதி அலபாமா மாநிலத்து யூனியன்டவுனில், ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையின் முகம் நினைவில் பதியுமுன்பே தந்தை மறைந்தார். தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டெட்ராய்ட் நகருக்குப் பிழைக்கப் போனார். 1942இல் ஒரு நாள், பஸ்ஸுக்காகக் காத்து நின்ற அத்தாயை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். பிள்ளைக்கு அப்போது பதினோரு வயது. பின்னர் வளர்த்தவர் தாத்தா, கண்டிப்பானவர். பையன் படிப்போடு கூலி வேலையும் செய்தான். உயர்நிலைப் பள்ளியையும் முடிக்காமல் மரீன் படையில் சேர்ந்துவிட்டான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் கல்லூரிக் கட்சிகளிலிருந்தே பொறுக்கி எடுக்கப்படுகிறார்கள். கல்லூரி வாசற்படியே மிதியாத லிப்ஸ்கம் அந்த வழியே வந்தவரல்லர். கலிபோர்னியாவிலிருந்த மரீன் முகாமில் அவர் ஆடுவதைக் கண்டு 1953இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் கட்சியார் சேர்த்துக்கொண்டனர். 6 அடி 6 அங்குல உயரம், 280 ராத்தலுக்கு மேல் எடை. ஆனால் நுணுக்கம் போதவில்லை. 1956இல் ராம்ஸ் கட்சி அவரை விட்டுவிட, பால்டிமோர் கோல்ட்ஸ் கட்சி 100 டாலரைக் கட்டி எடுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தின் வரலாற்றில் இதைவிட மலிவான கொள்முதல் இருந்திருக்குமா என்பது சந்தேகமே!

பால்டிமோரில் ஜீனோ மார்க்கெட்டி, ஆர்ட் டானவன் ஆகிய இருவரோடும் ஒரே வரிசையில் நின்று கற்றுக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்புக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்று வழியை அடைப்பதுதான் வழக்கம். லிப்ஸ்கம்மோ மைதானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓட்டக்காரனைத் துரத்திப் பிடிப்பார். பிடித்து வீழ்த்தியபின் தாமே கை கொடுத்துத் தூக்கியும் விடுவார். தோழர்களின் பெயர் நினைவில் நிற்காததால் எல்லோரையும் 'லிட்டில் டாடி' என்றே அழைப்பாராம். அவர்கள் திருப்பிச் சூட்டியதுதான் 'பிக் டாடி'.

1958 டிசம்பர் 28ஆம் தேதி நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், உபரி நேரம் வரை நீண்ட இறுதியாட்டத்தில், கோல்ட்ஸ் 23–17 என ஜயண்ட்ஸை வென்றது. மறு ஆண்டும் அதே எதிரியை 31–16 என வென்றது. இரண்டிலும் லிப்ஸ்கம் இருந்தார். அவர் எத்தனை பேரைச் சாய்த்தார் என்று கேட்டால் சரியான எண் கிடையாது. பந்தெறிபவனை வீழ்த்தும் கணக்கையே சங்கத்தார் 1982 முதல்தான் முறையாக வைக்கத் தொடங்கினர். ஓடியவனுக்கு அங்குலக் கணக்கு, பிடித்தவனுக்குக் கணக்கே இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஓய்வு மாதங்களில் மல்யுத்தம் ஆடிப் பணம் சேர்த்தார். சேர்த்ததைத் தாராளமாகச் செலவிட்டார். கிழிந்த காலணியோடு திரியும் சிறுவரைக் கண்டால் கடைக்கு அழைத்துப்போய்ப் புதிது வாங்கிக் கொடுப்பது வழக்கமாம். மைதானத்தில் ஆரவாரம் செய்த அதே பால்டிமோரில் கறுப்பினத்தாருக்குக் கதவடைத்த உணவகங்கள் அக்காலத்தில் பல. மணவாழ்க்கையும் நிலைக்கவில்லை; மும்முறை மணந்தார். இரவில் கட்டிலைக் கதவோடு சேர்த்துப் போட்டுக்கொண்டுதான் படுப்பார் என்று உடன் ஆடியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். தாயைப் பறிகொடுத்த சிறுவனின் அச்சம் அந்த உடம்புக்குள் அப்படியே இருந்தது போலும்.

1961இல் கோல்ட்ஸ் கட்சி அவரைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு மாற்றியது. ஆட்டம் தளரவில்லை. 1963 ஜனவரியில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில் சிறந்த வரிசையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கே மாதங்களில், மே 10ஆம் தேதி, பால்டிமோரில் இறந்துபோனார். வயது 31.

உடலைச் சோதித்த மருத்துவர்கள் ஹெராயின் மிகுதியால் வந்த மரணம் என்றனர். கையில் ஊசித் தடங்களும் இருந்தன. நண்பர்கள் நம்பவில்லை. மருத்துவர் ஊசியைக் கண்டாலே அஞ்சுகிறவர் தாமே குத்திக்கொள்வாரா என்று கேட்டனர். வேறு யாரோ ஏற்றியிருக்க வேண்டும் என்றனர். அன்றிரவு உடனிருந்தவரோ, பல மாதங்களாகவே அவருக்கு இப்பழக்கம் உண்டு என்று போலீசாரிடம் கூறினார். வழக்கு அத்துடன் நின்றது. விஞ்ஞானம் படிப்பவனுக்கு இதில் ஒன்று மட்டும் தெளிவு. ஹெராயின் உடலுக்குள் மார்பீனாக மாறி, மூளைத் தண்டில் சுவாசத்தை இயக்கும் பகுதியை அடக்கிவிடுகிறது. மார்பும் தோளும் எவ்வளவு வலியவையாயினும், மூச்சிழுக்கும் கட்டளை மேலிருந்து வராவிட்டால் அவற்றால் பயனில்லை. அந்நஞ்சை முறிக்கும் நாலாக்ஸோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1971இல்தான்.

டானவனுக்கு 1968இலும் மார்க்கெட்டிக்கு 1972இலும் கான்டன் நகரப் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. லிப்ஸ்கம்முக்குக் கிடைக்கவில்லை. இறந்த விதம்தான் காரணம் என்று கருதுவோர் பலர். நானும் அப்படியே கருதுகிறேன். பால்டிமோர் மக்கள் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று கடைசி முறையாக முகத்தைப் பார்த்துச் சென்றனர். பிறகு உடலை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.