மனைவியின் மனநோயோடு 28 ஆண்டுகள்: லியோனார்டு வுல்ஃப் எப்படிச் சமாளித்தார்?

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபைப் பலருக்கும் தெரியும். அவருடைய கணவர் லியோனார்டு வுல்ஃபை அந்த அளவுக்குத் தெரியாது. தீவிர மனநோய் திரும்பத் திரும்பத் தாக்கிய மனைவியோடு 28 ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடத்தியவர் இவர். அந்த நோய்க்குச் சரியான மருந்தே இல்லாத காலம் அது. அப்படியானால் எப்படித்தான் சமாளித்தார்?

யார் இந்த லியோனார்டு?

1880இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1904இல் இலங்கை சிவில் சர்வீஸ் வேலைக்குக் கப்பலேறினார். முதலில் யாழ்ப்பாணம். அங்கே தமிழ் கற்றுக்கொண்டார். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. 1911இல் லீவில் ஊர் வந்தவர், கல்லூரி நண்பரின் தங்கையான வர்ஜீனியாவுக்காக அந்த வேலையையே விட்டார். 1912 ஆகஸ்ட் 10 அன்று கல்யாணம்.

வர்ஜீனியாவுக்கு 13 வயதில் அம்மா இறந்தபோதும், 1904இல் அப்பா இறந்தபோதும் மனநிலை மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த நோய் எவ்வளவு கடுமையானது என்பது லியோனார்டுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

1913இல் என்ன நடந்தது?

தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை. செப்டம்பரில், பூட்டாமல் விட்டுப்போன பெட்டியில் இருந்த தூக்க மருந்தை அளவுக்கு மீறி எடுத்து வர்ஜீனியா சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். மனநோய் விடுதியில் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. லியோனார்டு விடுதிகளை நேரில் போய்ப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. நர்ஸ்களை வைத்து வீட்டுச் சூழலிலேயே பார்த்துக்கொண்டார்.

அந்த நாட்களில் மனைவியின் நிலையைத் தன் டைரியில் குறித்துவைத்தார். யாரும் படித்துவிடக் கூடாது என்று அவர் பயன்படுத்தியது தமிழ் எழுத்துகளும் சிங்கள எழுத்துகளும் கலந்த ஒரு சங்கேதம்!

1915இல் நோய் இன்னும் கடுமையாகத் திரும்பியது. இந்த முறை வர்ஜீனியாவின் கோபம் முழுக்கக் கணவர் மேலேயே திரும்பியது. வாரக்கணக்கில் அவர் முகத்தைப் பார்க்கவே மறுத்தார். அது நோயின் கோபம் என்று எடுத்துக்கொண்டு லியோனார்டு காத்திருந்தார்.

அவர் கண்டுபிடித்த வழி என்ன?

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தலைவலி, தூக்கமின்மை, சாப்பாட்டை ஒதுக்குவது: இவைதான் முன்னறிகுறிகள் என்று கவனித்துவைத்தார். தெரிந்த உடனே ஓய்வு, பால், நேரத்துக்குப் படுக்கை. விருந்தாளிகள் அதிக நேரம் உட்காரவும் விடமாட்டார். கைக்கு வேலை இருந்தால் மனசுக்கு நல்லது என்று 1917இல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி வீட்டிலேயே வைத்தார்கள். அதுதான் பின்னாளில் புகழ்பெற்ற ஹோகார்த் பதிப்பகம் ஆனது.

இதற்கு விலையும் உண்டு. மருத்துவர்கள் சிலரைக் கேட்டபின், குழந்தை வேண்டாம் என்று லியோனார்டு முடிவெடுத்தார். வர்ஜீனியாவுக்கு அது ஆறாத ஏக்கம். அமைதிக்காக ரிச்மண்டில் குடியிருந்ததும் வர்ஜீனியாவுக்குச் சலித்தது. லண்டன் நடுவுக்கே போகலாம் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பயந்துகொண்டே லியோனார்டு விட்டுக்கொடுத்தார், 1924இல் குடிமாறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில்தான் வர்ஜீனியாவின் மிகச் சிறந்த நாவல்கள் வந்தன. எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதுதான் இவர்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க ஓடிய கேள்வி.

தோற்றுவிட்டாரா?

1941 மார்ச்சில், போர்க்காலத்தில், பழைய அறிகுறிகள் மறுபடி தலைகாட்டின. 27ஆம் தேதி டாக்டரிடம் அழைத்துப்போனார். நர்ஸ் போட்டுக் கண்காணித்தால் அதுவே நோயை முற்றவைத்துவிடுமோ என்று தயங்கினார். மறுநாள் வர்ஜீனியா உயிரை மாய்த்துக்கொண்டார்.

லியோனார்டு 1969 வரை வாழ்ந்தார். மனைவியின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்தக் கடைசி நாளை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது. இடையில் கிடைத்த ஆண்டுகளில்தான் வர்ஜீனியாவின் பெரும்பாலான நாவல்கள் வெளிவந்தன. நோயைக் குணப்படுத்த அவரால் முடியவில்லை. வாழவும் எழுதவும் மனைவிக்குக் காலம் வாங்கிக்கொடுக்க முடிந்தது.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள்: டெலிமானஸ் 14416, தமிழக அரசு உதவி எண் 104.)