ஆட முடியாதவர் எழுதிய டான்ஸ் பாட்டு... யார் இந்த டாக் போமஸ்?

அமெரிக்கக் கல்யாண வீடுகளில் அறுபது வருஷத்துக்கும் மேலாக ஒலிக்கிற பாட்டு 'சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ'. 1960-ல் தி டிரிஃப்டர்ஸ் குழு பாடி, பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். ஆனால் இதை எழுதியவரால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவே முடியாது.

அவர் பெயர் டாக் போமஸ். நிஜப் பெயர் ஜெரோம் ஃபெல்டர். 1925-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் போலியோ தாக்கியது. டீன்ஏஜில் ப்ளூஸ் பைத்தியம் பிடித்து, கறுப்பின மக்கள் கூடும் கிளப்களில் பாடப் போனார். வீட்டுக்குத் தெரியக் கூடாதே என்றுதான் இந்தப் புனைபெயர். மற்றபடி டாக்டர் எல்லாம் கிடையாது!

நிறைய ரெக்கார்டு போட்டார், எதுவும் பெரிதாக ஓடவில்லை. 1956-ல் ரே சார்லஸ் பாடிய 'லோன்லி அவென்யூ'வோ ஹிட். எழுதியது போமஸ். அடுத்த வருஷம் நடிகை வில்லி பர்க்கோடு கல்யாணம். இனி குடும்பம் நடத்தணுமே? பாடகர் கனவை மூட்டை கட்டிவிட்டு, பாட்டு எழுதுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

நியூயார்க்கின் பிரில் பில்டிங் அப்போது கிட்டத்தட்ட ஒரு பாட்டு ஃபேக்டரி. அங்கே தன்னைவிட 13 வயது இளையவரான மோர்ட் ஷூமனோடு ஜோடி சேர்ந்தார். பெரும்பாலும் வரிகள் போமஸ், மெட்டு ஷூமன். 'எ டீனேஜர் இன் லவ்' வந்தபோது போமஸுக்கு வயது 33!

அந்த டான்ஸ் பாட்டுக்கு வருவோம். கல்யாணத்தன்று மனைவி மற்றவர்களோடு ஆட, போமஸ் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நினைவில்தான், வீட்டில் மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இதை எழுதினார் என்பார்கள். காதலி யாரோடோ ஆட, கடைசி ஆட்டத்துக்காகக் காத்திருப்பவன் பாடுகிற பாட்டு அது. பொறாமை இருக்கிறது, புலம்பல் இல்லை. கதை தெரிந்தபின் கேட்டால் வேறு பாட்டு மாதிரி இருக்கும்.

எல்விஸ் பிரெஸ்லியின் 'விவா லாஸ் வேகாஸ்', 'லிட்டில் சிஸ்டர்' எல்லாம் இந்த ஜோடியின் கைவண்ணம்தான்.

1960-களின் நடுவில் எல்லாம் சரிந்தது. பீட்டில்ஸும் பாப் டிலனும் வந்தபின், பாடுகிறவர்களே எழுத ஆரம்பித்தார்கள். அடுத்தவருக்கு எழுதுபவருக்கு வேலை ஏது? மனைவி பிரிந்தார், ஷூமன் பாரிஸ் போனார். கீழே விழுந்து அடிபட்ட போமஸுக்கு வீல்சேரே கதியானது. சுமார் பத்து வருஷம் சீட்டாடித்தான் பிழைத்தார்.

1970-களில் மறுபடி எழுத வந்தார். டாக்டர் ஜானோடு சேர்ந்து பி.பி. கிங்குக்கு எழுதிய பாட்டின் பெயரில் வந்த 1981 ஆல்பம், கிராமி வாங்கியது.

கூடவே, மறக்கப்பட்ட ஜாஸ் பாடகர் ஜிம்மி ஸ்காட்டுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று இசை உலகில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். நடக்கவில்லை. 1991 மார்ச்சில் போமஸ் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இறுதிச் சடங்கில் ஜிம்மி ஸ்காட் பாடினார். கேட்டுக்கொண்டிருந்த சைர் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் சீமோர் ஸ்டெய்ன் அவரை ஒப்பந்தம் செய்தார். அடுத்த வருஷமே ஸ்காட்டின் ஆல்பம் வெளியானது.