விண்ணலை கண்ட விஞ்ஞானி

கடல் கடந்து பேச உதவும் வானொலித் தொலைபேசி தோன்றிய புதிதில், இடையே எழுந்த இரைச்சல் பேச்சைக் குலைத்து வந்தது. அதன் காரணத்தை ஆராயப் புகுந்து, விண்ணினின்று வரும் வானொலி அலைகளையே கண்டறிந்தவர் கார்ல் ஜான்ஸ்கி ஆவார்.

இவர் 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓக்லஹோமாப் பகுதியிலுள்ள நார்மன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மின்பொறியியற் பேராசிரியர். ஜான்ஸ்கி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று, 1928-இல் பெல் தொலைபேசி ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். இளமையிலேயே சிறுநீரக நோய் அவரைப் பற்றியிருந்தது. எனினும் அவர் ஊக்கம் குன்றிலர்.

நியூஜெர்சி மாநிலத்து ஹோம்டெல் என்னுமிடத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அலைவாங்கி ஒன்றை அவர் அமைத்தார். மோட்டார் வண்டிச் சக்கரங்கள் நான்கின்மீது அது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழன்று, எத்திசை அலைகளையும் வாங்கியது. இரைச்சல் மூவகைப்பட்டது. அண்மையில் எழும் இடியும் சேய்மையில் எழும் இடியும் இரண்டிற்குக் காரணமாயின. மூன்றாவது, மெல்லிய சீறலாய் இடையறாது கேட்டது. கதிரவனே அதற்குக் காரணமோ என முதலில் ஐயுற்றார். திங்கள் பல கழிய, அது கதிரவன் இருக்கும் திசையை விட்டு விலகியது. 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒருமுறை அது ஓங்கி ஒலித்தது. விண்மீன்கள் வானை ஒருமுறை சுற்றி வருவதாகத் தோன்றும் காலமும் அதுவே. ஆகவே, அவ்வலைகள் தனுராசித் திசையில், பால்வீதியின் நடுப்பகுதியினின்று வருகின்றன என 1933-இல் உலகிற்கு உரைத்தார்.

மேலும் ஆராய அவர் பெரிதும் விழைந்தார். ஆயின், இரைச்சலின் காரணம் தெரிந்தபின் நிலையத்தார் அவரை வேறு பணிகளில் ஈடுபடுத்தினர். வானியலாருள் பலர் அவர் கண்டதைப் பொருட்படுத்திலர். கிரோட் ரீபர் என்பவர் 1937-இல் தம் சொந்தப் பொருளைக்கொண்டு வானொலித் தொலைநோக்கி ஒன்றை அமைத்து அப்பணியைத் தொடர்ந்தார். ஜான்ஸ்கி 1950-இல், தம் 44-ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவர் ஆராய்ந்த ஆண்டுகளில் கதிரவன் சீற்றம் தணிந்திருந்தமையால், அதன் அலைகள் அவருக்கு எட்டவில்லை. 1942-இல் ஹே என்னும் ஆங்கிலேயர் அவற்றைக் கண்டார். 1958 முதல் பெர்னார்டு லவல், கதிரவனினும் சிறியனவும் வெப்பம் குறைந்தனவுமான செந்நிற விண்மீன்களை ஆராய்ந்தார். அவ்விண்மீன்களில் காந்தப் புலம் முறுக்கேறித் திடீரெனக் குலையும்போது, வானொலி அலைகள் பீறிட்டு எழுகின்றன. விண்ணினின்று வரும் அவ்வலைகளின் வலிமையை அளக்கும் அலகிற்கு, 1973-இல் ஜான்ஸ்கி என்றே பெயரிட்டனர். மரம் வைத்தவர் அதன் கனியைச் சுவைத்திலர்; உலகம் சுவைத்து வருகின்றது.