மண்ணுக்குள் ஒரு நூலகம்

தேடிப் புறப்பட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று, கிடைத்ததன் அருமையைக் கண்டு சொன்னவர் வேறொருவர். அசீரிய நாகரிகத்தை உலகின் கண்முன் நிறுத்திய ஆஸ்டின் ஹென்றி லேயார்டின் வாழ்வை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். கவிதையைப் போற்றுவோர் கூடி வெளியிடும் இம்மலரில் ஓர் அகழாய்வாளரை நினைவுகூர்வதற்கும் இதுவே காரணம்.

லேயார்டு 1817ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். இளமையின் ஒரு பகுதியைப் புளோரன்ஸ் நகரில் கழித்தார். பின்னர் இலண்டனில் தாய்மாமனின் சட்ட அலுவலகத்தில் ஏறத்தாழ ஆறாண்டுகள் பணிபுரிந்தார். அப்பணியில் அவர் மனம் ஒன்றவில்லை. அவர் தந்தையார் முன்பு இலங்கையில் அரசுப் பணியாற்றியவர். உறவினரும் அங்கு இருந்தனர். இலங்கையில் வழக்கறிஞராகலாம் என்னும் எண்ணத்துடன் 1839இல் நண்பர் ஒருவரோடு தரைவழியே புறப்பட்டார். வழியில், 1840இல், டைகிரிஸ் ஆற்றங்கரையில் மோசுல் நகருக்கு அருகே புல் மூடிய பெருமேடுகளைக் கண்டார். பாரசீகத்தில் நண்பரைப் பிரிந்தார். நண்பர் இலங்கையை நோக்கிச் செல்ல, லேயார்டோ பக்தியாரி மலைமக்களிடையே தங்கினார். அவரது இலங்கைப் பயணம் அங்கேயே முடிந்தது. அந்த மேடுகள் மட்டும் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பிரெஞ்சுத் தூதரகத்தைச் சேர்ந்த போட்டா 1843இல் கோர்சாபாத்தில் அசீரிய அரண்மனை ஒன்றை வெளிக்கொணர்ந்தார். 1845இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்த பிரிட்டிஷ் தூதர் கானிங் அளித்த 60 பவுனோடு லேயார்டும் களத்தில் இறங்கினார். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு தெப்பத்தில் நிம்ரூத் சென்றார். ஆறு தொழிலாளர்களுடன் தொடங்கிய முதல் நாளிலேயே இரண்டு அரண்மனைகளின் சுவர்கள் தென்பட்டன. 1846இல் மண்ணிலிருந்து மனித முகம் கொண்ட பெருஞ்சிலையின் தலை எழுந்தபோது, நிம்ரூத் மன்னனே வெளிப்பட்டுவிட்டான் என்று தொழிலாளர் அஞ்சினர். அச்செய்தியால் மோசுல் நகரில் எழுந்த பரபரப்பில் பணி சிறிது காலம் நின்றது. சிறகு முளைத்த சிங்கங்களும் காளைகளும் தெப்பங்களில் ஏறி ஆற்றுவழியே பாஸ்ரா சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் இலண்டனை அடைந்தன.

1849இல் அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. நிம்ரூத்தையே நினிவே என அவர் அந்நூலில் கருதியிருந்தார். அது கல்ஹு என்னும் நகரம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உண்மையான நினிவே, மோசுலுக்கு எதிர்க்கரையில் உள்ள குயுஞ்சிக் மேட்டின் கீழ் இருந்தது. அங்கே செனகெரிப் மன்னனின் அரண்மனையை அகழ்ந்த லேயார்டு, 71 அறைகளையும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளப் புடைப்புச் சிற்பங்களையும் கண்டார். இரு அறைகளின் தரையில் ஓரடிக்கு மேல் களிமண் பலகைகள் குவிந்து கிடந்தன. அவற்றில் நெருக்கமாக ஆப்பெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படிக்க லேயார்டு அறியார். பெட்டிகளில் இட்டு அனுப்பினார். 1851இல் அகழாய்வையே விட்டு விலகினார்.

1853இல் அவருடைய உதவியாளராக இருந்தவரும் மோசுலிலேயே பிறந்தவருமான ஹோர்முஸ்த் ரஸ்ஸாம், அதே மேட்டில் அசுர்பானிபால் மன்னனின் அரண்மனையைக் கண்டுபிடித்தார். பிரெஞ்சுக்காரருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியாகையால் இரவில் இரகசியமாகத் தோண்டினார். அங்கும் பலகைகள் குவிந்திருந்தன. எவை எந்த அரண்மனையில் கிடைத்தன என்ற குறிப்பின்றி இலண்டனில் அவை ஒன்றாகக் கலந்துபோயின. ஆர்வம் மிகுந்திருந்த அளவுக்கு அக்காலத்தில் ஒழுங்கு இல்லை என்பதற்கு இன்றும் தீராத இக்குழப்பமே சான்று.

1872இல், பணத்தாள் அச்சுக்குச் செதுக்குவேலை செய்துவந்து பின்னர் அருங்காட்சியகத்தில் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், அக்குவியலில் ஒரு பெருவெள்ளக் கதையைப் படித்தறிந்தார். அது, சாவை வெல்ல வழிதேடி அலைந்த கில்கமேஷின் காப்பியத்தில் ஒரு பகுதி. அப்போது லேயார்டுக்கு 55 வயது. அமைச்சகப் பதவி வகித்துவிட்டு அரசியல் தூதராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1894இல் இலண்டனில் காலமானார்.

தோண்டி எடுத்தவற்றை அவர் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்துச் சென்றார் என்ற குறை நியாயமானதே. ஆயினும் நிம்ரூத்தில் எஞ்சியிருந்த சிற்பங்கள் 2015இல் தீவிரவாதிகளால் தகர்க்கப்பட்டதையும் நாம் அறிவோம். இவ்விரு உண்மைகளுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைத்தல் தகாது.

அவர் பெரிதெனப் போற்றியது கல்லில் வடித்த காவற்சிலைகளை. அவற்றினும் உயர்ந்த செல்வம், அவர் படிக்க இயலாது அனுப்பிய மண்பலகைகளில் இருந்தது. பேரரசு வீழ்ந்து, எழுத்து மறந்து, மொழி மாய்ந்தபின் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு காப்பியம் மண்ணுக்குள் காத்துக் கிடந்தது. தம் காலத்தில் வாசகர் வாய்க்கவில்லையே என வருந்தும் கவிஞர் எவர்க்கும் லேயார்டின் வரலாறு ஓர் ஆறுதல். பொருள் புரியாதபோதும் அப்பலகைகளை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. அதுவே அவர் செய்த பெருந்தொண்டு.